சிலுக்கும் ஒரு டி-ஷர்ட்டும்

போன ஞாயித்துக்கிழமை அக்கா பையன் அபிராமபுரத்துல எங்க வீட்டுக்கு வந்திருந்தான். காலேஜ் செகண்ட் இயர். கறுப்பு டி-ஷர்ட், நெஞ்சு முழுக்க சில்க் ஸ்மிதா முகம். எனக்கு பக்குன்னு ஆச்சு. எண்பதுகள்ல எங்க வீட்டுக்கு வாரப் பத்திரிகை வந்தா முதல்ல அம்மா கைக்குத்தான் போகும். சிலுக்கு படம் போட்ட பக்கம் மட்டும் மாயமாகி மிச்சம்தான் எங்க கைக்கு வரும். இப்போ அதே முகம் பேரன் நெஞ்சுல!

அம்மா கண்ணாடியை மாட்டிக்கிட்டு உத்துப் பார்த்தாங்க. செம டோஸ் விழப்போகுதுன்னு நினைச்சேன். "நல்லா நடிக்கும்டா இந்தப் பொண்ணு. அலைகள் ஓய்வதில்லை பாரு"ன்னு சொல்லிட்டு காபி போட உள்ளே போயிட்டாங்க. பையன் முழிச்சான். அவனுக்குத் தெரிஞ்சதெல்லாம் யூடியூப்ல நாலு பாட்டு, 2011-ல வந்த 'டர்ட்டி பிக்சர்', 2023-ல 'மார்க் ஆண்டனி'யில வந்த சிலுக்கு சாயல். அவ்வளவுதான்.

அவனைச் சொல்லி என்ன? நாமளும் சிலுக்கைப் பத்தி ரெண்டே விதமாத்தான் பேசறோம். ஒண்ணு, ஜொள்ளு. இன்னொண்ணு, "ஐயோ பாவம்". ரெண்டுலயும் விட்டுப்போற விஷயம், அந்தம்மா வேலை தெரிஞ்ச ஒரு நடிகைங்கறது.

ஏலூரு பக்கத்து விஜயலட்சுமி. நாலாங்கிளாஸோட படிப்பு நின்னு, சின்ன வயசுல கல்யாணம் ஆகி, அது ஒத்துவராம மெட்ராஸ் வந்து, ஒரு நடிகைக்கு டச்சப் செய்யற வேலையில ஆரம்பிச்சவர். வினு சக்ரவர்த்தி கண்ணுல பட்டு 1980-ல 'வண்டிச்சக்கரம்'. அதுல சாராயக்கடைப் பொண்ணு பேரு சிலுக்கு. அந்தப் பேரு கடைசி வரைக்கும் ஒட்டிக்கிச்சு. யோசிச்சுப் பாருங்க, முதல் பாத்திரத்தோட பேரையே வாழ்நாள் முழுக்கச் சுமந்தவங்க எத்தனை பேர்?

அடுத்த வருஷமே பாரதிராஜா 'அலைகள் ஓய்வதில்லை'யில தியாகராஜனுக்கு மனைவியா நடிக்க வெச்சார். புடவை கட்டின, வீட்டோட இருக்கற, புருஷன் எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சும் வாய் திறக்க முடியாத பொண்ணு. ஆட்டம் கிடையாது. அந்தக் கண்ணு மட்டும்தான். ஞாயிறு ராத்திரி திரும்பப் போட்டுப் பார்த்தேன். அம்மா சொன்னது சரி. 1982-ல பாலு மகேந்திராவோட 'மூன்றாம் பிறை'. பூர்ணம் விஸ்வநாதனோட இளம் மனைவி. நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கறது கமலோட ஆடின பாட்டு. ஆனா அந்தப் பாத்திரத்துல இருக்கற தனிமையைக் கவனிச்சவங்க கை தூக்குங்க. (நானும் தூக்கலை :-))

அப்புறம் என்ன ஆச்சு? வியாபாரம் ஆச்சு. முடிஞ்ச படத்துல கூட சிலுக்கு ஆட்டம் ஒண்ணு இருந்தா விநியோகஸ்தர் வாங்குவார்னு ஒரு நிலைமை. பதினேழு வருஷத்துல சுமார் 450 படம்னு சொல்றாங்க. அதுல பாதின்னாலும் வருஷத்துக்குப் பதிமூணு படம். இது ஏதோ போதையில மிதந்த வாழ்க்கை இல்லீங்க, ஷிப்ட் போட்டு உழைச்ச உழைப்பு. தாய்மொழி தெலுங்கு, தமிழ்ல பல படங்கள்ல நாம கேட்டது இன்னொருத்தர் குரல். முகம் மட்டும்தான் அவங்களோடது. 1989-ல மலையாளத்துல வந்த 'லயனம்' இந்தியில 'ரேஷ்மா கி ஜவானி' ஆகி வடக்கே எந்த மாதிரி காட்சிகளுக்கு ஓடுச்சுன்னு தனியா சொல்ல வேணாம்.

உலக சினிமா பாக்கற நண்பர்களுக்கு சோலெதாத் மிராண்டாவைத் தெரிஞ்சிருக்கும். ஸ்பெயின் நடிகை. ஜெஸ் ஃப்ராங்கோங்கற டைரக்டரோட மலிவு பட்ஜெட் பேய்ப்படங்கள், கவர்ச்சிப் படங்கள்ல நடிச்சவர். கவர்ச்சிப் படங்களுக்கு 'சூசன் கோர்டா'ன்னு வேற பேர். 1970-ல போர்ச்சுகல்ல கார் விபத்துல போயிட்டார், வயசு 27. அவரோட பேர் சொல்ற 'வேம்பைரோஸ் லெஸ்போஸ்' வந்ததே 1971-ல. தொண்ணூறுகள்ல அந்தப் பட இசையை மறுபடி வெளியிட்டாங்க, டரண்டினோ 1997-ல 'ஜாக்கி பிரவுன்'ல அதை எடுத்துப் போட்டார். இன்னிக்கு அந்தப் படங்களை முழுசா உக்காந்து பார்த்து அவர் நடிப்பைப் பத்திப் பக்கம் பக்கமா எழுதறவங்க இருக்காங்க.

ரெண்டு பேருக்கும் இரவல் பேர், ரெண்டு பேருக்கும் செத்தப்புறம் ரசிகர் கூட்டம். ஆனா அங்கே படத்தைப் பார்க்கறாங்க. இங்கே டி-ஷர்ட் போடறோம். நம்ம சிலுக்கு மூணு நிமிஷப் பாட்டுத் துண்டாத்தான் உயிரோட இருக்கார். 'டர்ட்டி பிக்சரு'க்காக வித்யா பாலனுக்குத் தேசிய விருது கிடைச்சது, நல்ல நடிப்பு, சந்தோஷம். ஆனா சிலுக்கா நடிச்சா விருது, சிலுக்கு நடிச்சா 'அயிட்டம்'. இந்தக் கணக்கு எனக்குப் புரியவே மாட்டேங்குது.

ஒரு விஷயம் சொல்லிடறேன். 1996 செப்டம்பர் 23, சாலிகிராமம் வீட்டுல அவர் இறந்த சேதி வந்தப்போ வயசு 35. நான் காலேஜ்ல இருந்தேன். டீக்கடையில ஒருத்தன் அசிங்கமா ஒரு ஜோக் அடிச்சான். எல்லாரும் சிரிச்சோம். நானும்தான். அன்னிக்கு ராத்திரி அம்மா டிவி நியூஸ் பார்த்துட்டு ஒண்ணும் பேசாம எழுந்து போனாங்க. பக்கத்தைக் கிழிச்ச அம்மாவுக்கு இருந்த மரியாதை, பக்கத்தைத் தேடின எனக்கு இல்லை.

அக்கா பையன் கிளம்பறப்போ டி-ஷர்ட்டைக் கழட்டச் சொல்லலை. நல்லாத்தான் இருக்கு. 'அலைகள் ஓய்வதில்லை' மட்டும் ஓட்டிவிடாம பாருடான்னு சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் பாட்டி கேள்வி கேப்பாங்கன்னும் சொல்லியிருக்கேன்.

உங்களுக்கும் ஒரு கேள்வி மக்கா. சிலுக்கு ஆடாத ஒரு காட்சி, உங்க மனசுல நின்னது எது? பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: "படம் போடலையா?"ன்னு கேக்கறவங்களுக்கு: போடலை. இந்தத் தடவை அம்மா கிழிக்கலை, நானேதான் :-)