கேன்டீன் பெஞ்ச்: ஏதேனில் ஒரு பூனை!

போன சனிக்கிழமை கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் புக் தேடி லஸ் கார்னர் பழைய புத்தகக் கடைக்குப் போனேன். சிக்கியது என்னவோ, அட்டை கிழிஞ்ச ஓவியப் புத்தகம்!

பிரிச்சதும் ஒரு தோட்டம். செடியா, மெஷினான்னே தெரியாத ரோஸ் கலர் நீரூற்று. அதன் ஓட்டைக்குள்ள ஆந்தை. பக்கத்துல யானை, ஒட்டகச்சிவிங்கி. கீழே, கடவுள் ஏவாளோட கையைப் பிடிச்சு ஆதாமுக்கு இன்ட்ரோ கொடுக்கிறார். ஆதாம் முகத்துல அப்படியே ஃப்ரெஷர்ஸ் டே முழி!

"எந்த சாஃப்ட்வேர்டா?"ன்னான் கூட வந்த நண்பன். பாஸ், வரைஞ்சவர் நெதர்லாந்தின் ஹிரோனிமஸ் போஷ் (ஸ்பார்க் ப்ளக் போஷ் இல்லீங்கோ!). இறந்தது 1516ல. நம்ம லஸ் சர்ச் கல்வெட்டுல இருக்கிற அதே வருஷம்! சர்ரியலிசத்துக்கு பாரிஸ்ல அறிக்கை வந்ததே 1924லதான்.

'உலக இன்பங்களின் தோட்டம்'னு பின்னால் வந்தவங்க பேர் வச்ச இந்த ஓவியம், இப்போ மாட்ரிட் பிராடோ மியூசியத்துல இருக்கு. மூணு மரப்பலகை. விரிச்சா பத்து அடிக்கு மேல அகலம். இடது பக்கம் ஏதேன், நடுவுல ஒரே கும்மாளம், வலது பக்கம் நரகம். நரகத்துல ஒருத்தன் பின்பக்கத்துல இசைக் குறிப்பு எழுதியிருக்கும். 2014ல ஒரு அமெரிக்க காலேஜ் மாணவி அதை இன்றைய ஸ்வரக் குறிப்பா மாத்தி வாசிக்க, உலகமே கேட்டுச்சு!

நானும் லென்ஸ் வச்சுத் தேடினேன். ஏதேன் மூலையில ஒரு பூனை, வாயில இரையைக் கவ்விட்டுப் போகுது. ஆதாம் இன்னும் பழத்தைத் தொடவே இல்லை. அதுக்குள்ள வேட்டை ஆரம்பிச்சாச்சு! தப்பெல்லாம் பழத்துலதான் ஆரம்பிச்சதுன்னு நினைச்சிருந்தேனே..?

அம்மா எட்டிப் பார்த்தாங்க. "கபாலி கோயில் கோபுரத்துல இல்லாததா? என்னிக்காவது அண்ணாந்து பார்த்திருக்கியாடா?"

சுருக்னு இருந்துச்சு. இருபது வருஷமா மயிலாப்பூர்வாசி. ஸ்கூல்ல நல்லா வரைவேன். ப்ளஸ் டூவுக்கு அப்புறம் ஸ்கேல் இல்லாம பென்சிலைத் தொட்டதே இல்லை.

மறுநாள் சாயங்காலம் நோட்டோட கோபுரத்துக்கு எதிரே நின்னேன். ஒரு மணி நேரத்துல ஒரே ஒரு பூதகணம். பார்த்தா நம்ம லாஸ்ட் பெஞ்ச் நண்பன் மாதிரியே இருக்கு! "மூக்கு சரியில்ல தம்பி"ன்னு சிரிச்சாங்க பூக்காரம்மா.

நாளைக்கு இன்டர்னல். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் புக் இன்னும் வாங்கலை. மூக்கை மட்டும் சரி பண்ணிட்டேன்!