ஏற்காட்டுக்கு விமானம் காட்டுறீங்க, பஸ் எங்கே?

சேலத்தில் ரொம்ப நாளாக ஒரு பேச்சு ஓடுது. "விமானம் வந்துருச்சு, இனி ஏற்காடு இன்னொரு ஊட்டி. ஒகேனக்கல்லுக்கு உலகமே வரும். மேட்டூர் அணையைப் பார்க்க வரிசை கட்டி நிப்பாங்க. ஓடுதளத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் நீட்டிட்டா போதும்."

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதே பேச்சை காமலாபுரத்தில் நின்னு சொல்லிப் பாருங்க. பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி பக்கம் போய் சொல்லிப் பாருங்க. "எங்க கிணறு எங்கே போகும், எங்க தென்னை எங்கே போகும்"னு கேட்பாங்க. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாம யாரும் வளர்ச்சி பேசக் கூடாது. அதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க, படிச்சிட்டு நாலு பேருக்கு அனுப்புங்க.

முதலில் ஒண்ணைத் தெளிவா சொல்லிடறோம். நாம் விமான நிலையத்துக்கு எதிரி இல்லை. சென்னைக்கு அவசரமா சிகிச்சைக்குப் போறவங்க இருக்காங்க. கொலுசு, ஜவ்வரிசி, ஜவுளின்னு வியாபாரத்துக்கு அலையறவங்க இருக்காங்க. ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிற நம்ம வீட்டுப் பிள்ளைகள் இருக்காங்க. அவங்களுக்கு விமானம் வேணும். தாராளமா பறக்கட்டும். நம்ம சண்டை விமானத்தோட இல்லை. விமானத்தைக் காட்டி மண்ணைக் கேட்கிறாங்க பாருங்க, அந்தக் கணக்கோடதான் சண்டை.

வரலாறு சொல்றது என்ன?

சேலம் விமான நிலையம் திறந்தது 1993-ல். என்.இ.பி.சி. நிறுவனம் விமானம் விட்டது. கொஞ்ச காலத்தில் கூட்டம் இல்லைன்னு நின்னு போச்சு. அதுக்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல அந்த ஓடுதளத்தில் பயணிகள் விமானம் கிடையாது.

2009 நவம்பரில் கிங்ஃபிஷர் வந்தது. மாலை, மரியாதை, மேளம் எல்லாம் நடந்தது. 2011-ல் அதுவும் நின்னுச்சு.

2018 மார்ச் 25-ல் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது. அப்போதைய முதலமைச்சரே கொடி அசைச்சு அனுப்பி வெச்சார். 2021-ல் அதுவும் நின்னுச்சு.

2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர், இண்டிகோ ரெண்டும் வந்தன. மறுபடி விழா, மறுபடி படம், மறுபடி "சேலம் பறக்கிறது"ன்னு பேனர்.

எண்ணிப் பாருங்க. நாலு தடவை தொடங்கியிருக்கு, மூணு தடவை நின்னிருக்கு. தொடங்கும்போது விழா எடுத்தவங்க, நின்னப்போ ஒருத்தராவது மைக் முன்னாடி வந்து "ஏன் நின்னுச்சு"ன்னு சொன்னாங்களா?

சேலம் மட்டும்தான் இப்படியா? இல்லை. மத்திய தணிக்கைத் துறை 2023-ல் உடான் திட்டத்தைப் பற்றி அறிக்கை கொடுத்தது. முதல் மூணு சுற்றுகளில் ஒதுக்கின வழித்தடம் 774. அதில் 403 தடத்தில் விமானமே கிளம்பலை. கிளம்பின 371-ல் மூணு வருஷ சலுகைக் காலத்தை முழுசா முடிச்சது 112 மட்டும். சலுகை முடிஞ்ச பிறகும், 2023 மார்ச் வரைக்கும் தாக்குப் பிடிச்சது வெறும் 54. நூத்துக்கு ஏழு!

இது எதிர்க்கட்சி மேடைப் பேச்சு இல்லைங்க. அரசாங்கத்தின் கணக்கை அரசாங்கத்தின் தணிக்கைத் துறையே எழுதின எழுத்து.

ஏன் நிக்குது?

உடான் எப்படி ஓடுதுன்னு புரிஞ்சுக்கிட்டா இதுவும் புரியும். ஒரு மணி நேரப் பறப்புக்கு 2,500 ரூபாய்னு சொல்லி 2016-ல் கொள்கை போட்டாங்க. அந்த விலை எல்லா சீட்டுக்கும் இல்லை, பாதி சீட்டுக்குத்தான். மீதிப் பாதி சந்தை விலை. குறைஞ்ச விலையில் விக்கிறதால் கம்பெனிக்கு வர்ற நஷ்டத்தை அரசு ஈடு கட்டும். அதில் 80 சதவீதம் மத்தியப் பங்கு, 20 சதவீதம் மாநிலப் பங்கு. இந்த ஈட்டுத்தொகை மூணு வருஷம் வரைக்கும்தான்.

மூணு வருஷம் முடிஞ்சதும் கம்பெனி கணக்குப் பார்க்கும். லாபம் இருந்தா இருக்கும், இல்லைன்னா போயிடும். கம்பெனியைக் குத்தம் சொல்லிப் பயன் இல்லை, அது வியாபாரம். ஆனா மக்கள் பணத்தைக் கொடுக்கிற அரசு அந்த மூணு வருஷத்தில் என்ன பண்ணணும்? விமானம் நிலைச்சு நிக்கிற மாதிரி ஊரைத் தயார் பண்ணணும். இறங்கினவன் போக வேண்டிய இடத்துக்குப் போக வழி பண்ணணும். அதைச் செஞ்சாங்களா?

2023 அக்டோபரில் தொடங்கினதுக்கு மூணு வருஷம்னா, 2026 அக்டோபர். அதுக்குப் பிறகு என்ன திட்டம்? யாராவது சொல்லுங்க.

இறங்கின பிறகு?

இப்போ சுற்றுலாவுக்கு வருவோம். வரைபடத்தை எடுத்து வெச்சுப் பாருங்க. விமான நிலையம் சேலம் நகரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர், பெங்களூர் நெடுஞ்சாலையில். ஏற்காடு போகணும்னா திரும்ப சேலத்துக்கே வந்து, அஸ்தம்பட்டி தாண்டி அடிவாரம் போய், 20 கொண்டை ஊசி வளைவு ஏறணும். மேட்டூர் போகணும்னா ஓமலூர், மேச்சேரின்னு மேற்கே போகணும். ஒகேனக்கல்லுக்கு வடக்கே தர்மபுரி, பென்னாகரம். கொல்லிமலைக்கு நேர் எதிர்த் திசையில் நாமக்கல் பக்கம் போய் 70 வளைவு.

நாலு இடமும் நாலு திசை. விமானம் இறங்கும் நேரத்துக்கு இந்த நாலு திசைக்கும் அரசு பஸ் எத்தனை? இதுதான் கேள்வி. டாக்ஸி வெச்சுக்கிட்டுப் போக முடிஞ்சவனுக்குச் சுற்றுலா, முடியாதவனுக்கு நெடுஞ்சாலை ஓரமா பெட்டியோட நின்னு கை காட்டுற வேலை. 2,500 ரூபாய் டிக்கெட்டில் பறந்து வந்தவன், இறங்கின பிறகு டாக்ஸிக்கு அதுக்கு மேல செலவழிக்கணும்னா, அவன் அடுத்த தடவை ராத்திரி ரயிலிலேயே வந்துடுவான்.

ரயில்னு சொன்னதும் ஞாபகம் வருது. சென்னைக்கும் நம்ம பக்கத்துக்கும் நடுவில் ராத்திரி ஓடுற வண்டிக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ்னு பேர். தூங்கி எழுந்தா சேலம் ஜங்ஷன். மலை ஏறப் போற குடும்பம், காலேஜ் பசங்க, புதுசா கல்யாணம் ஆனவங்க எல்லாம் அதில்தான் வர்றாங்க. ஏற்காட்டின் சுற்றுலா நிஜமா நடக்கிறது அந்த வண்டியிலும், ஜங்ஷனிலிருந்து பஸ் பிடிக்கிற கூட்டத்திலும்தான். அந்தக் கூட்டத்துக்கு நீங்க என்ன செஞ்சீங்க?

2024 ஏப்ரல் 30-ஐ மறந்துட்டோமா? ஏற்காட்டிலிருந்து இறங்கின தனியார் பஸ் மலைப்பாதையில் உருண்டு உயிர்கள் போச்சே. ஓடுதளத்தை நீட்டணும்னு பேசுற வாய், மலைப்பாதையின் தடுப்புச் சுவரைப் பற்றி அதே வேகத்தில் பேசியிருக்கா?

கீழே இருக்கிறவங்க

சுற்றுலான்னா போஸ்டரில் போடுற அருவி மட்டும் இல்லை. அதில் ஆள் இருக்காங்க.

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுறவர் இருக்கார். கர்நாடகத்தில் மழை பெஞ்சு கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிறைஞ்சா, பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறும். உடனே பரிசலுக்குத் தடை. அருவியில் குளிக்கவும் தடை. பாதுகாப்புக்கு அது சரிதான், நாம் மறுக்கலை. ஆனா தடை நாளில் பரிசல் ஓட்டி வீட்டில் உலை கொதிக்கணும் இல்லையா? எண்ணெய் தேய்ச்சு விடுறவர், மீன் வறுக்கிற அக்கா, இவங்களுக்கு அந்த நாட்களில் என்ன வருமானம்? விமானத்தில் காலி சீட் இருந்தா கம்பெனிக்கு ஈட்டுத்தொகை உண்டு. பரிசல் காலியா கரையில் கவிழ்ந்து கிடந்தா ஈட்டுத்தொகை உண்டா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொன்னா போதும்.

சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் இருக்காங்க. சுற்றுலாக்காரன் காப்பித் தோட்டம் பார்த்து, ஏரியில் படகு விட்டு, பகோடா பாயின்டில் படம் எடுத்துட்டு இறங்கிடறான். அந்த மலையில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் கூட்டத்தால் என்ன கிடைக்குது? ஓட்டலில் பாத்திரம் கழுவுற வேலையா, இல்லை அந்த ஓட்டலில் பங்கா? நுழைவுக் கட்டணத்தில் அந்த ஊராட்சிக்கு எவ்வளவு?

இன்னொண்ணு. உடான் விமான நிலையத்தில் நிரப்புற விமான எரிபொருளுக்கு மாநில வரி 1 சதவீதம்தான் இருக்கணும்னு திட்டமே சொல்லுது. சலுகை, சரி. ஏற்காடு மலை ஏறுற வேன்காரர் போடுற டீசலுக்கு? 11 சதவீதம், அதுக்கு மேல லிட்டருக்கு 9 ரூபாய்க்கு மேல தனி. மேல பறக்கிறதுக்கு ஒரு நியாயம், கீழே ஓடுறதுக்கு ஒரு நியாயம்!

நிலம் யாருக்கு?

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றோம். விரிவாக்கத்துக்குக் கேட்டது சுமார் 570 ஏக்கர். இப்போ இருக்கிற ஓடுதளத்தில் 70, 80 பேர் ஏறுற ஏ.டி.ஆர். விமானம் இறங்குது. பெரிய விமானம் இறங்கணும்னா ஓடுதளம் நீளணும், அதுக்கு நிலம் வேணும்ங்கிறாங்க.

2018-ல் அளவெடுக்க வந்தப்போ விவசாயிகள் எதிர்த்து நின்னாங்க. எதிர்த்துப் பேசினவங்களைக் கைது பண்ணினதையும் நாடு பார்த்தது. அவங்க கேட்டது ஆடம்பரம் இல்லை. "ஏற்கெனவே இருக்கிற ஓடுதளத்திலேயே விமானம் நிக்க மாட்டேங்குது, அதுக்குள்ள எங்க நிலம் எதுக்கு"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதானே?

2013 நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் 10-வது பிரிவு என்ன சொல்லுது? பாசன வசதியுள்ள, பல போகம் விளையற நிலத்தை எடுக்கக் கூடாது. வேற வழியே இல்லைங்கிற கடைசி நிலையில், விதிவிலக்கா மட்டும்தான் எடுக்கலாம். மாநிலச் சட்டத்தைக் காட்டி இதைத் தாண்டிப் போக நினைக்கிறவங்களுக்கு நாம் சொல்றது: சட்டத்தில் சந்து இருக்கலாம், நியாயத்தில் சந்து கிடையாது.

விமானம் நின்னு போனா கம்பெனி வேற ஊருக்குப் பறந்துடும். விமானத்துக்கு இறக்கை இருக்கு. நிலத்தைக் கொடுத்தவன் எங்கே போவான்? மண் மேல ஒருதடவை தார் ஊத்திட்டா, விமானம் வரலைன்னாலும் அங்கே மறுபடி கடலை முளைக்காது.

"அப்போ வளர்ச்சியே வேண்டாமா"ன்னு கேட்பாங்க. கேட்கட்டும். நாம் கேட்கிறது வரிசை மாறக் கூடாதுன்னு. முதல்ல இருக்கிற விமானம் நிலைச்சு ஓடட்டும். சீட் நிறையட்டும். வந்தவன் பஸ் ஏறி மலைக்குப் போகட்டும். மலையில் இருக்கிறவனுக்கு அதில் பங்கு வரட்டும். அதுக்கப்புறமும் இடம் போதலைன்னா, கணக்கை மேசையில் வெச்சு, விவசாயியை எதிரில் உட்கார வெச்சுப் பேசுவோம். நிலத்தை முதல்ல எடுத்துக்கிட்டு, பயணியைப் பிறகு தேடுறது வளர்ச்சி இல்லை. அது ரியல் எஸ்டேட்.

நம் கோரிக்கைகள்

1. சேலம் விமான நிலையத்துக்கு இதுவரை எவ்வளவு ஈட்டுத்தொகை கொடுக்கப்பட்டது, எத்தனை சீட் நிறைஞ்சது, முந்தைய சேவைகள் ஏன் நின்றன என்று வெள்ளை அறிக்கை வேண்டும்.

2. ஒவ்வொரு விமானம் இறங்கும் நேரத்துக்கும் ஓமலூர், சேலம் ஜங்ஷன், ஏற்காடு, மேட்டூர் பக்கம் அரசு பஸ் வேண்டும். வார இறுதியில் ஒகேனக்கல்லுக்கும் விட வேண்டும்.

3. ஏற்காடு மலைப்பாதையிலும், குப்பனூர் வழிப் பாதையிலும் தடுப்புச் சுவர், வளைவுக் கண்ணாடி, விளக்கு எல்லாவற்றையும் சரிசெய்த பிறகுதான் சுற்றுலா விளம்பரம்.

4. ஒகேனக்கல்லில் தடை நாட்களுக்குப் பரிசல் ஓட்டிகளுக்கும் அதைச் சார்ந்த தொழிலாளர்களுக்கும் நாள் கணக்கில் நிவாரணம். கடலில் மீன்பிடித் தடைக் காலத்தில் மீனவர்களுக்கு உதவித்தொகை உண்டு என்றால், ஆற்றில் தடை வந்தால் ஏன் கூடாது?

5. சுற்றுலா இடங்களின் நுழைவு, வாகனக் கட்டண வருவாயில் ஒரு பங்கு அந்தந்த ஊராட்சிக்கும் பழங்குடி மக்களுக்கும் சட்டப்படி போக வேண்டும்.

6. இவை நடக்கும் வரை காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி நிலங்களில் ஒரு சென்ட் கூட எடுக்கக் கூடாது.

தோழர்களே, இந்தக் கோரிக்கைகளில் ஒண்ணாவது நடக்க முடியாததா? பஸ் விட 570 ஏக்கர் வேணுமா? தடுப்புச் சுவர் கட்ட கிணத்தை மூடணுமா? பரிசல்காரருக்கு நிவாரணம் கொடுக்க ஓடுதளம் நீளணுமா? செலவு கம்மி, பலன் அதிகம். ஆனா இதில் ரிப்பன் வெட்ட முடியாது, விமானப் படிக்கட்டில் நின்னு கை அசைக்க முடியாது. அதனால்தான் யாரும் செய்யலை.

உங்க ஊர் வாட்ஸ்அப் குழுவில் "சேலம் வளருது"ன்னு யாராவது விமானப் படம் போட்டா சண்டை போடாதீங்க. ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இறங்கினவர் ஏற்காடு போக பஸ் எத்தனை மணிக்குங்க?"

பதில் வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருங்க. நாமும் கேட்போம்.

விமானம் பறக்கட்டும். விவசாயி விழ வேண்டாம்.

#பஸ்எங்கே #காமலாபுரம்நிலம்காப்போம் #பரிசலுக்கும்நியாயம்