கட்டடம் முடிந்தது, பயணம் முடியவில்லை

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. 88 ஏக்கர் பரப்பு. ஏறத்தாழ 394 கோடி ரூபாய் செலவு. தென் மாவட்டங்களுக்கான அரசு விரைவுப் பேருந்துகள் அங்கிருந்தே புறப்படலாயின. ஆனால், அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. ஜி.எஸ்.டி. சாலைக்கு மறுபுறம் தண்டவாளம் கண்ணுக்கெட்டும் தொலைவில் கிடந்தும், அதை அடைய நடைமேம்பாலம் இல்லை. மின்சார ரயிலில் வந்தவர்கள் வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் மீண்டும் ஒரு வாகனம் தேட வேண்டியிருந்தது.

அவசரத் திறப்பு என்றார்கள் ஒரு சாரார். கட்டி முடித்ததைப் பூட்டி வைப்பதா என்றார்கள் மறுசாரார். கோயம்பேட்டின் பண்டிகைக்கால நெரிசலை அறிந்தவன் என்ற முறையில், இரண்டாவது வாதத்தை என்னால் எளிதில் ஒதுக்க முடியவில்லை. என் கேள்வி வேறு: முனையத்துக்கு 2019இல் அடிக்கல் நாட்டியபோதே தண்டவாளம் அங்குதானே இருந்தது?

கட்டுமானத் திட்டங்களுக்குக் கால அட்டவணை தயாரிக்கும் பணியில் சில ஆண்டுகள் இருந்தவன் நான். ஒரு தளத்துக்குக் கான்கிரீட் போட எத்தனை நாள் ஆகும் என்பதை ஓரிரு நாள் பிசகுக்குள் சொல்லிவிடலாம். ஒரு துறையின் கடிதத்துக்கு இன்னொரு துறை எப்போது பதில் தரும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. ஆயினும், 'அனுமதி பெறுதல் – 60 நாள்கள்' என்று அட்டவணையில் ஒற்றை வரியாக எழுதிவிடுவோம். நானும் எழுதியிருக்கிறேன். அந்த அனுமதி வர ஓராண்டுக்கு மேலானது. அறுபது என்ற எண் எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்கவில்லை, நான் உட்பட.

1957இல் அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனத்தில் உருவான 'கிரிட்டிகல் பாத்' முறை சொல்வது இதுதான்: ஒன்றையொன்று சார்ந்த பணிகளின் மிக நீளமான சங்கிலியே திட்டம் முடியும் நாளைத் தீர்மானிக்கிறது. மற்றப் பணிகளை எவ்வளவு விரைவுபடுத்தினாலும் ஒரு நாள்கூட மிச்சமாகாது. கிளாம்பாக்கத்தில் அந்தச் சங்கிலி கான்கிரீட் அல்ல. நடைமேம்பாலத்துக்கான நிலமும் ரயில்வேயின் ஒப்புதலும்தான். முனையம் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துடையது, நிலையம் தெற்கு ரயில்வேயுடையது, மெட்ரோ இன்னொரு நிறுவனத்துடையது. ஒவ்வொருவரிடமும் ஓர் அட்டவணை உண்டு. பயணியின் முழுப் பயணத்தையும் காட்டும் அட்டவணைதான் எவரிடமும் இல்லை.

அதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. அதன் முதல் கூட்டம் 2022 நவம்பரில்தான் நடந்தது. அதற்குள் கிளாம்பாக்கத்தில் தூண்கள் எழுந்துவிட்டிருந்தன. (கோயம்பேடும் 2002இல் திறக்கப்பட்டு, மெட்ரோவுக்காக 2015 வரை காத்திருந்ததுதான்.)

விமான நிலையம் – கிளாம்பாக்கம் மெட்ரோ நீட்டிப்பு 15.46 கிலோமீட்டர். அதற்காவது அக்குழுமம் எல்லாத் துறைகளின் பணிகளையும் ஒரே அட்டவணையில் இணைத்து, ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பான துறையின் பெயருடன் பொதுவெளியில் வைக்கட்டும். நிலம், ஒப்புதல் ஆகிய வரிகள் அதில் முதலில் இடம்பெறட்டும்.