ஊரிலிருந்தே உத்தியோகம்

திருவண்ணாமலையைக் கிரிவலம் வரும் யாத்ரீகர்கள் மலையின் மேற்புறத்தில் அடி அண்ணாமலை என்னும் ஊரைக் கடந்து செல்கிறார்கள். ஆதி அண்ணாமலையார் ஆலயமும், மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியருளிய ஸ்தலம் என்னும் ஐதிகமும் இவ்வூருக்குப் பெருமை தருவன. ஆனால் நாம் இன்று இவ்வூரை நினைவுகூர்வதற்குக் காரணம் வேறு. இத்தகைய ஊர்களில் பிறந்து பட்டம் பெற்ற வாலிபர்கள், ஜீவனத்துக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ மூட்டை கட்டித்தான் தீரவேண்டுமா? அல்லது ஊரிலிருந்துகொண்டே கம்ப்யூட்டர் மூலமாக உத்தியோகம் பார்ப்பதற்கு வழியுண்டா? இதுவே நாம் ஆராய விரும்பும் விஷயம்.

2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்துக்கு முன்னால் இக்கேள்வியை எழுப்பியிருந்தால், பெரிய கம்பெனிகளின் நிர்வாகிகள் நகைத்திருப்பார்கள். அம்மாதம் 25-ந் தேதி கொரோனா நோயின் காரணமாகத் தேசமெங்கும் ஊரடங்கு அமுலுக்கு வந்ததும், அதே நிர்வாகிகள் சில தினங்களுக்குள் லக்ஷக்கணக்கான சிப்பந்திகளை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். வேலை நடந்தது, லாபமும் வந்தது. நோய் தணிந்த பிறகோ, பழைய கதை திரும்பிவிட்டது. விசேஷப் பொருளாதார மண்டலங்களிலுள்ள கம்பெனிகள் தங்கள் சிப்பந்திகளில் பாதிப் பேர் வரையில் ஒரு வருஷ காலம் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்கலாமென்று 2022-ல் மத்திய சர்க்கார் விதி வகுத்த போதிலும், அதன் பின் பல கம்பெனிகள் "காரியாலயத்துக்கு வா" என்று கட்டளையிட்டன.

இதற்கு அவர்கள் சொல்லும் காரணம் என்ன? கண் மறைந்தால் மனிதன் சோம்பிப் போவான் என்பதே. இவ்வாதம் நமது தேசத்தின் அநுபவத்துக்கு முற்றிலும் முரணானது. 1925-ல் அகில பாரத சர்க்கா சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது. அதன் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரில் இருந்தது. அதே வருஷம் ராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். இந்த ஸ்தாபனங்களுக்கு நூற்றுத் தந்தவர்கள் யார்? தத்தம் குடிசையில், அடுப்புக்கும் தொட்டிலுக்கும் நடுவே ராட்டை சுற்றிய ஏழை ஸ்திரீகள். அவர்கள் எத்தனை மணிக்கு உட்கார்ந்தார்கள், எத்தனை முறை எழுந்தார்கள் என்று எவரும் வாசலில் நின்று பார்க்கவில்லை. நூல் வந்தவுடன் நிறுத்துப் பார்த்தார்கள், நம்பரையும் உறுதியையும் சோதித்தார்கள், கூலியைக் கொடுத்தார்கள். நமது ஜில்லாவின் ஆரணியிலும், பாவையும் ஊடையையும் வாங்கிச் சென்று தன் வீட்டுத் தறியில் நெய்கிற பட்டு நெசவாளியை எவரும் மேற்பார்வை பார்ப்பதில்லை. புடவையே அவனுக்குச் சாக்ஷி.

பிற தேசத்துப் பரீக்ஷைகளும் இதையே காட்டுகின்றன. ஷாங்காய் நகரில் ஸிட்ரிப் என்னும் பிரயாண ஏற்பாட்டுக் கம்பெனி, 2010-ம் வருஷக் கடைசியில் தொடங்கி ஒன்பது மாத காலம், தன் டெலிபோன் சிப்பந்திகளில் ஒரு பகுதியாரை வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டது. அவர்களது வேலை 13 சதவிகிதம் அதிகரித்தது. ஆயினும் அவர்கள் செய்த வேலைக்குத் தக்க பதவி உயர்வு அவர்களுக்குக் கிட்டவில்லை. அதே கம்பெனி 2021-லும் 2022-லும் சுமார் 1,600 பேரை வைத்து, வாரத்தில் இரண்டு நாள் வீட்டு வேலை என்று ஏற்பாடு செய்து பார்த்தபோது, வேலையும் குறையவில்லை, பதவி உயர்வும் குறையவில்லை. ராஜினாமாக்கள் மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. ஆகவே, குற்றம் தூரத்தில் இல்லை, நிர்வாகத்தில் இருக்கிறது.

எனினும், வீட்டிலிருந்து செய்யும் வேலை யாவும் நன்மையே என்று நாம் சொல்லவில்லை. பீடித் தொழிலாளியும் வீட்டில் இருந்துதான் வேலை செய்கிறாள். அவளுக்குப் பாதுகாப்பளிக்க 1966-ல் தனிச் சட்டமே செய்ய வேண்டியிருந்தது. வீட்டுத் தொழிலாளர் உரிமைகளைப் பற்றிச் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1996-ல் நிறைவேற்றிய உடன்படிக்கையை இந்தியா ஏற்கவில்லை. நாலு சுவர்களுக்குள் நடக்கும் வேலை சர்க்காருடைய கண்ணுக்கும் சங்கத்தின் கண்ணுக்கும் எளிதில் தப்பிவிடும். 1935-ல் நூற்போருக்கு ஜீவனத்துக்குப் போதிய கூலி தரவேண்டுமென்று மகாத்மா காந்தி வற்புறுத்தியபோது, கதர் விலை ஏறி விற்பனை குறையுமென்று அஞ்சியவர்கள் பலர். அப்படியிருந்தும் சர்க்கா சங்கம் கூலியை உயர்த்தத் தீர்மானித்தது. வீட்டில் இருப்பவனுக்குக் குறைந்த கூலி போதும் என்ற எண்ணம் அன்று தவறானால், இன்றும் தவறுதான்.

ஆதலால் நிர்வாகிகளுக்கு நாம் கூறுவது இதுவே. வாரத் தொடக்கத்தில், இன்னின்ன வேலை இன்னின்ன நாளுக்குள் முடியவேண்டுமென்று எழுத்தில் நிர்ணயம் செய்யுங்கள். வார முடிவில் வேலையை நிறுத்துப் பாருங்கள். கம்ப்யூட்டரில் வேவுக் கருவிகளை வைத்து விரலசைவைக் கணக்கிடுவது, ராட்டையை விட்டுவிட்டு நூற்பவளின் மூச்சை எண்ணுவதற்கு ஒப்பாகும். மின்சாரம், இன்டர்நெட், நாற்காலி ஆகியவற்றின் செலவு உங்களுடையது. காரியாலய வாடகையில் மிச்சப்படுத்துகிறவர்கள் நீங்களே அல்லவா? இரவு பத்து மணிக்குச் சிப்பந்தியை அழைக்கும் வழக்கத்தையும் விடவேண்டும். பிரான்ஸில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 முதலும் வேலை நேரத்துக்குப் பின் அழைப்பை ஏற்காதிருக்கும் உரிமை சட்டத்தில் உண்டு. 2018-ல் இதே நோக்கத்துடன் நமது லோக்சபையில் தனி அங்கத்தினர் மசோதா ஒன்று கொண்டுவரப்பட்டும், அது சட்டமாகவில்லை.

மற்றொன்றையும் மறைக்கலாகாது. மைக்ரோஸாப்ட் கம்பெனியின் 61,000 அமெரிக்கச் சிப்பந்திகளைப் பற்றி 2021-ல் வெளியான ஆராய்ச்சி, எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்த காலத்தில் அவரவர் தம் சிறு குழுவுக்குள்ளேயே அடங்கிப்போயினர், பிற குழுவினருடன் தொடர்பு குறைந்தது என்று காட்டிற்று. புதிதாகச் சேர்ந்தவன் மூத்தவர் பக்கத்தில் அமர்ந்து கற்கவேண்டியவை பல. ஆகையால் முதல் சில மாதங்கள் கூடியிருந்து பழகுவதும், பின்னர் குறித்த காலங்களில் நேரில் சந்திப்பதும் அவசியம். பதவி உயர்வு கொடுக்கும் சமயத்தில் தூரத்தில் இருப்பவனை மறவாதிருப்பது நிர்வாகியின் தர்மம்.

வாலிபர்களுக்கும் கடமைகள் உண்டு. வேலைக்கென்று வீட்டில் ஒரு மூலையையும் ஒரு நேரத்தையும் ஒதுக்க வேண்டும். தடை நேர்ந்தால் அன்றே அறிவிக்க வேண்டும். கெடு தப்பிய பிறகு மின்சாரத்தின்மீது பழி போடலாகாது. பௌர்ணமிதோறும் ஜனத்திரள் கிரிவலப் பாதையை நிறைக்கும் என்பது அடி அண்ணாமலை வாசிக்குத் தெரியும். பெங்களூர் மானேஜருக்குத் தெரியாது. கார்த்திகை தீபத்தையும் பௌர்ணமிகளையும் வருஷ ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் வீண் மனஸ்தாபம் ஏது? வீட்டாரும் ஒன்றை உணரவேண்டும். கம்ப்யூட்டர் முன் அமர்ந்திருக்கும் மருமகள் சும்மா இருக்கிறாள் என்று எண்ணி, அவள்மீது அடுப்பையும் சுமத்துவது அநியாயம். ராட்டை சுற்றிய ஸ்திரீயின் இரட்டைச் சுமையை அவள் பேத்தியும் சுமப்பதா?

சர்க்காரின் பொறுப்பு இவற்றிலும் பெரிது. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்கப் பாரத்நெட் திட்டம் வகுக்கப்பட்டது. கம்பி ஊர் எல்லையில் நின்றால் போதாது, வீட்டுக்குள் வரவேண்டும். விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் ஆகிய ஜில்லாக்களில் 2024-ல் சிறிய டைடல் பூங்காக்கள் திறக்கப்பட்டதை வரவேற்கிறோம். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஸோஹோ கம்பெனி 2011 முதல் காரியாலயம் நடத்திவருவதும் கிராமத்தில் இது சாத்தியமென்பதற்கு அத்தாக்ஷி. ஆயினும் கட்டடங்கள் ஜில்லாவுக்கு ஒன்றாக நின்றுவிடலாகாது. வீட்டில் இடமில்லாத ஏழைப் பட்டதாரிக்கு, ஊர் வாசகசாலையை ஒட்டி நாலு மேஜையும் தடையற்ற மின்சாரமும் உள்ள ஒரு பொது அறை போதும்.

இது சில பட்டதாரிகளின் சௌகரியத்தைப் பற்றிய விஷயமன்று. கிராமம் பெற்று வளர்த்துப் படிக்கவைத்த பிள்ளையின் சம்பளத்தை நகரம் வாடகையாகப் பறித்துக்கொள்கிறது. கிராமத்தில் எஞ்சுவது வயோதிகர்களும் பூட்டிய வீடுகளுமே. அச்சம்பளம் ஊரிலேயே செலவானால் தச்சனுக்கும் கடைக்காரனுக்கும் பால்காரிக்கும் பங்கு கிடைக்கும். பள்ளிக்கூடத்தைப் பற்றியும் குளத்தைப் பற்றியும் தைரியமாகக் கேள்வி கேட்பவர்களும் ஊரில் இருப்பார்கள். கிராம ராஜ்யம் என்று மேடையில் பேசும் தேச ஊழியர்கள், தத்தம் ஊரில் எத்தனை வீடுகளுக்குக் கம்பி வந்திருக்கிறது, பொது அறைக்கு எந்தக் கட்டடம் உதவும் என்று இம்மாதத்திலேயே கணக்கெடுத்து அதிகாரிகள் முன் வைப்பார்களாக.