நம்பர் யார் பேரில்?

திருப்பூர் பனியன் தொழில் தாராபுரம் வரை வந்து வெகுநாள் ஆகிறது. பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கக் கிளம்பும் பையன்கள், நான் பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவன் என்பதால், "ஐயா, ஜி.எஸ்.டி. யார் பேரில் எடுக்கலாம்?" என்று கேட்கிறார்கள்.

ஜி.எஸ்.டி. நம்பர் தனியாகப் பிறப்பதில்லை. 15 இலக்கத்தில் முதலில் வரும் 33 தமிழ்நாடு. அடுத்த பத்தும் பான் நம்பர்தான். பழைய வாட் காலத்து 11 இலக்க டின் நம்பருக்குள் பான் இல்லை. 2017 ஜூலை 1 முதல் இரண்டும் ஒட்டிக்கொண்டன. ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது பான்.

அதன் நான்காவது எழுத்தைப் பாருங்கள். பி தனிநபர், எஃப் பார்ட்னர்ஷிப், எச் இந்துக் கூட்டுக் குடும்பம், சி கம்பெனி. ஜாப் ஒர்க் பில்லில் டி.டி.எஸ். பிடிப்பதும் இதை வைத்துத்தான்: தனிநபருக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும் 1 சதவீதம், மற்றவர்களுக்கு 2. பான் தராவிட்டால் 20.

நம் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பழைய கடன் நிற்கிறதா, நம்பரை சம்சாரம் பேரிலோ அப்பா பேரிலோ எடுத்துவிடுவது. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. வரி பாக்கி விழுந்தால் நோட்டீஸ் வருவது அந்த அம்மாவுக்கு. அவர் சொத்துதான் பதில் சொல்ல வேண்டும்.

நானறிந்த ஒரு குடும்பத்தில் நம்பர் அப்பா பேரில். தொழில் பார்த்தது மகன்கள் இருவரும். அப்பா காலமானதும் அந்த நம்பரில் பில் போட முடியவில்லை. புது நம்பர் வாங்கி, பழையதில் கிடந்த வரி வரவை ஐ.டி.சி. 02 படிவத்தில் மாற்ற வேண்டும். புது நம்பர் அண்ணனுக்கா தம்பிக்கா என்ற இடத்தில் பேச்சே நின்றுவிட்டது. வேலை கொடுத்த பார்ட்டி எத்தனை நாள் காத்திருப்பார்?

தனியாளாகச் செய்தால் சொந்த பான் போதும். ஜாப் ஒர்க் வரவு வருடம் 20 லட்சம் தாண்டும்வரை பொதுவாக ஜி.எஸ்.டி. கட்டாயமும் இல்லை. அண்ணன் தம்பி சேர்ந்து உழைத்தால் பார்ட்னர்ஷிப்புக்குத் தனி பான் எடுங்கள். முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரி என்று ஆடிட்டர் சொல்வார். பார்ட்னர் சம்பளத்தையும் வட்டியையும் வரம்புக்குள் கழிக்கலாம் என்றும் சொல்வார். மூன்று பேராவது இருந்து, ஒருவர் இறந்தாலும் தொழில் தொடரும் என்று பத்திரத்தில் எழுதினால் நம்பரும் நிற்கும்.

யார் உழைக்கிறார்களோ அவர்கள் பேரில் நம்பர் இருக்கட்டும். மெஷின் வாங்கும் முன்பே இதைப் பேசி முடியுங்கள்.