எண்ணிக்கையும் எண்ணமும்

வணிகர் ஆண்டிறுதியில் ஐந்தொகை போடுவர். இறையச்சம் உடையோர் இரவில் தம் செயல்களைத் தாமே கணக்குப் பார்ப்பர். பறவை நோக்குதலைப் பொழுதுபோக்காகக் கொண்ட நம் போன்றோருக்கும் அத்தகைய கணக்கு ஒன்று உண்டு. சனவரித் திங்களில் ‘இவ்வாண்டு இத்தனை இனங்களைக் காண்போம்’ என ஏட்டில் எழுதுகிறோம். திசம்பர்த் திங்களில் அதனைச் சரிபார்க்கிறோம். இப்பழக்கம் நன்றா, தீதா என்பதே ஈண்டு நம் வினா.

இலக்கினால் விளையும் நன்மையை மறுப்பதற்கில்லை. சுபுஹுத் தொழுகை முடிந்தபின் மீண்டும் படுக்கையை நாடும் கால்களை ஏரிக்கரைக்கு நடத்திச் செல்வது அந்த எண்ணே. குளிர்காலத்தில் கோடிக்கரைக்கு வரும் பூநாரைகளைக் காண நம்மைப் பேருந்தில் ஏற்றியதும் அதுவே.

எனினும், கடந்த ஆண்டின் கணக்கு நம்மைத் தலைகுனிய வைத்தது. இலக்கு 100, ஏட்டில் இருந்தவை 84. அவற்றுள் மூன்று, மங்கிய ஒளியில் கண்ட உள்ளான் வகைகள். ஒன்றையொன்று ஒத்த அவற்றைப் பிரித்தறியாமலேயே, எண்ணிக்கை கூடும் என்னும் ஆசையால் மூன்று பெயர்களாக எழுதியிருந்தோம். அவற்றை அடித்தோம், 81 எஞ்சியது.

அதனினும் பெரிய குறை ஒன்று பின்னர்ப் புலப்பட்டது. நம் தெருமுனைக் குளத்து முக்குளிப்பான் சனவரி முதல் வாரத்திலேயே ஏட்டில் ஏறிவிட்டது. ஒருமுறை எழுதிய பெயரை மறுமுறை எழுத வேண்டுவதில்லை ஆதலின், அக்குளத்தின் பக்கம் நாம் திரும்பவில்லை. திசம்பரில் சென்றபோது கட்டட இடிபாடுகள் நீர் வரை கொட்டப்பட்டுக் கிடந்தன, முக்குளிப்பான் இல்லை. அது எப்போது சென்றது? நம் ஏட்டில் விடை இல்லை. தொலைவில் உள்ளவற்றைத் தேடி அலைந்த நாம் அண்டை வீட்டாரை மறந்தோம்.

பறவையியல் அறிஞர் சலீம் அலி (1896–1987) சிறுவயதில் தாம் சுட்ட குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு, அதன் பெயரறியப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறியவர். அவரே 1930இல் கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் தூக்கணாங்குருவி என்னும் ஓரினத்தைப் பல திங்கள் நோக்கினார். ஆண் பறவை பாதிக் கூடு கட்டி நிறுத்துவதையும், பெண் பறவை வந்து பார்த்து ஏற்றபின்னரே அதனை முடிப்பதையும், பின் அடுத்த கூட்டைத் தொடங்குவதையும் கண்டறிந்தார். பட்டியலில் அஃது ஒரே ஓர் எண். அறிவுலகிற்கோ புதுச் செய்தி.

ஆதலின், இலக்கை விடுக என்பது நம் கருத்தன்று, மாற்றுக என்பதே. 50 இனங்கள் போதும். ஆனால் ஒரு குளத்தை வாரம் ஒருமுறையாக 52 முறை காண்க. கண்டதை எழுதுக, காணாததையும் நாளிட்டு எழுதுக, ஐயுற்றதை ஐயம் என்றே எழுதுக. ஆண்டிறுதியில் ‘எத்தனை கண்டோம்?’ என்பதோடு ‘எதனை இழந்தோம்?’ என்றும் வினவுக. குளத்தைக் காக்க ஊரார் முறையிடும் நாளில் அவ்வேடே சான்றாகும்.

எறும்பும் தேனீயும் திருமறையின் அத்தியாயங்களுக்குப் பெயராயின. சிற்றுயிரைக் கூர்ந்து நோக்குதல் வீண்பொழுதன்று. மாணவச் செல்வங்களே! இவ்வாண்டு நாம் அக்குளக்கரையிலிருந்தே தொடங்குகிறோம், உடன் வருக!