சின்ன ஊருக்குச் சின்னக் கூலியாம்!

"வாலாஜாவுல இருக்கிற ஆளுக்கு எதுக்குய்யா மெட்ராஸ் சம்பளம்? இங்க இன்னா பெரிய செலவு?"

கூலி உயர்வு கேட்டால் டேனரி முதலாளி, ஷூ கம்பெனி மேனேஜர் எல்லோர் வாயிலும் வருகிற பதில் இதுதான். படித்தவர்களும் தலையாட்டுகிறார்கள். பெருநகரத்தில் சம்பளம் பத்தவில்லை என்று புலம்பினால் நியாயம், சேரிக்காரன் சொன்னால் பேராசையாம்.

சரி, கணக்குப் பார்ப்போம்.

எண்ணெய், பருப்பு, மாத்திரை, செல்போன் ரீசார்ஜ் இதில் எது வாலாஜாவில் பாதி விலைக்குக் கிடைக்கிறது? தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியின் பஞ்சப்படியைச் சென்னை நகர விலைவாசிக் குறியீட்டெண்ணை வைத்துத்தான் கணக்கிட்டு வந்திருக்கிறார்கள். சென்னையில் விலை ஏறினால் இங்கேயும் ஏறும் என்பது அரசுக்கே தெரியும். வாலாஜாவில் வேலை பார்க்கிற மத்திய அரசு ஊழியருக்கும் சென்னை ஊழியருக்கும் ஒரே அடிப்படைச் சம்பளம், ஒரே பஞ்சப்படி. முக்கியமாக மாறுவது வீட்டு வாடகைப் படிதான். 2024 ஜனவரி கணக்குப்படி பெருநகரத்தில் 30 சதம், சின்ன ஊரில் 10 சதம். 'சின்ன ஊர்' தத்துவத்தை ஆபீசர் சம்பளத்தில் எவனும் காட்டவில்லை. தோல் உரசிக் கை வெந்தவனிடம் மட்டும் காட்டுகிறான்.

வாடகை கம்மிதானே என்பார்கள். ஏன் கம்மி? ஊர்த்தெருவில் வீடு கேட்டுப் போனால் "நீங்க எந்த ஆளுங்க?" என்பதுதான் முதல் கேள்வி. திரும்பி வந்து, பாட்டன் போட்ட கூரைக்குக் கீழே மூணு குடும்பம் முடங்குகிறோம். தீண்டாமை ஒதுக்கிய இடத்தில் கிடப்பதால் மிச்சமாகிற வாடகை நம் மடியில் விழவில்லை. கூலியில் கழிக்கப்பட்டு முதலாளி கல்லாவுக்குப் போகிறது.

ஆம்பூர்ப் பக்கம் ஷூவின் மேல்பாகத்தைப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து கையால் தைக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. இடம் அவள் வீடு, வெளிச்சம் அவள் வீட்டுக் கரண்ட், போகிற கண்ணும் அவள் கண். அந்த ஷூ அய்ரோப்பாவில் விற்கிறது. வாடகையே கொடுக்காமல் நம் சேரியையே தொழிற்சாலை ஆக்கிக்கொண்டவன், நமக்கு வாடகைச் செலவு இல்லை என்கிறான்!

2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, டேனரிக்குள் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் கழிவுச் சேற்றில் செத்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்துத் தொழிலாளிகள். வேலை செய்த இடத்திலேயே படுத்தவர்களுக்கும் வாடகைச் செலவு இல்லைதான்.

தண்ணீருக்கு வருவோம். தோல் கழிவால் இந்த வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்று 1996 ஆகஸ்ட் 28 உச்சநீதிமன்றத் தீர்ப்பு சொல்கிறது. அந்த நிலத்தில் நாற்று நட்டு வயிறு கழுவிய நம் சனத்தின் கூலி எங்கே போச்சு? பாலாற்று ஊற்றுத் தண்ணீரைச் சும்மா குடித்த வாய் இன்றைக்குக் கேன் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறது. இந்தச் செலவை உண்டாக்கியவனே செலவு கம்மி என்கிறான்.

ரேஷன் அரிசி 2011 முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. 2023 முதல் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய். 'எல்லாம் ஓசி' என்று நம்மைக் கேலி பேசுகிறார்கள். வயிறு நிரம்பக் கூலி கொடுக்காத முதலாளிக்காக அரசாங்கம் போடுகிற அரிசி இது. ஓசியில் வாழ்கிறவன் எவன்?

குறைந்தபட்சக் கூலி மசோதாவை 1946 ஏப்ரல் 11 அன்று மத்திய சட்டசபையில் கொண்டுவந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1948இல் அது சட்டமானபோது தொழிலாளர் அமைச்சர் ஜகஜீவன் ராம். தோல் பதனிடும் தொழிலும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருந்தது. கூலிக்கு அளவுகோல் என்ன என்று 1957இல் 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு சொன்னது: ஒரு உழைப்பாளியின் சம்பாத்தியத்தில் மூன்று பங்கு ஆளுக்குச் சாப்பாடு, ஆளுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு வருடம் 72 கெஜம் துணி, வாடகை, விறகு விளக்குக்கும் மற்றதுக்கும் 20 சதம். பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், முதுமை, கல்யாணம் இவற்றுக்கு இன்னும் 25 சதம் சேர் என்றது 1991இல் உச்சநீதிமன்றம். சென்னை ஆலை ஒன்றின் தொழிலாளிகள் நடத்திய வழக்கு அது.

இந்த அளவுகோலில் 'ஆள் எந்தத் தெரு' என்ற கேள்வியே இல்லை. வயிற்றுக்கு ஊரும் சேரியும் கிடையாது.

1948 சட்டம் இப்போது ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. 2025 நவம்பர் 21 முதல் அதுதான் அமலில். அதிலும் அய்ந்து வருடத்துக்கு மிகாமல் கூலியை மறுபடி நிர்ணயிக்க வேண்டும். அன்றைக்கு முதலாளி சங்கம் ஆடிட்டர் போட்ட கணக்கோடு வந்து உட்காரும். நம் கையில் என்ன இருக்கும்?

ஒவ்வொரு சேரியிலும் ஒரு நோட்டுப் போடுங்கள். அரிசி, கேன் தண்ணீர், பஸ், தோல் வியாதிக்கு மருந்து, பிள்ளை ஃபீஸ், கந்துவட்டி எல்லாவற்றையும் எழுதுங்கள். கிடைக்காத வீட்டின் வாடகையையும் ஊர்த்தெரு ரேட்டில் எழுதுங்கள். மேலே சொன்ன அளவுகோலில் கூட்டி, வருகிற தொகையைக் கூலியாகக் கேளுங்கள்.

சின்ன ஊரு, சின்னக் கூலி என்றால் நோட்டை எடுத்து நீட்டுங்கள்.